தொடக்கூடாத தலை

சாயக்கூடாது, சொறியக்கூடாது, அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், சொல்லுவதற்கென்ன, நர்ஸ் மேரிசல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள், முதுகு லோசேலியுடையதல்லவா, ஒவ்வாமைச் சோதனைக்கென்று திங்கட்கிழமை பட்டை பட்டையாக ஒட்டியதை இன்று புதன்கிழமை காலையில்தான் பிய்த்தெடுத்தார்கள், இரண்டு நாள் குளியல் இல்லை, இந்தச் சிட்னிப் பிப்ரவரி வெயிலில், பிளாக்டவுன் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்து வேறு இடம் போனது வியர்வை நாற்றத்தினாலோ என்னவோ, யார் கண்டது... டேப் பட்ட சிவப்பு எல்லாம் முதலில் அடங்க வேண்டுமாம், எல்லாம் அடங்கிய பிறகும் எது அடங்காமல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி, டாக்டர் வந்து பார்த்துச் சொல்வாள். முதுகு முழுக்கப் பேனாவால் எண்கள், ஒன்றிலிருந்து அறுபது வரை, முதல் ஐம்பத்தெட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்தது, கடைசி இரண்டும் அவள் வீட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டு வந்தது, ஒன்று அவள் தினமும் உடம்புக்குப் பூசும் பூ வாசனைத் தேங்காயெண்ணெய், இன்னொன்று தலைக்குப் போட்ட அந்தப் பச்சைப் பாக்கெட் பொடி. இடது பக்கம் இடுப்புக்கு ஒரு சாண் மேலே ஓரிடம் அரித்துப் பிடுங்குகிறது, அது எந்த எண்? முதுகில் எழுதி வைத்தால் முதுகுக்காரி எப்படிப் படிப்பாள்?

பொடியாக இருக்கட்டும், கடவுளே, அந்தப் பொடியாகவே இருக்கட்டும். எண்ணெயாக இருந்தாலும் தொலையட்டும், பூசாமல் இருந்துகொள்ளலாம். ஒன்றுமே இல்லை என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. ஒன்றுமே இல்லை என்றால் அத்தை சொன்னதுதான் நிஜம் என்றாகிவிடும், சனிக்கிழமை அப்பாவின் முதல் வருட நினைவுநாள், அத்தை கலோலைனே நாளைக்கு ஆக்லாந்திலிருந்து வந்து இறங்குகிறாள், அப்பாவுக்குக் கூடப்பிறந்தவள், அவள் சொல்லுக்கு இந்தக் குடும்பத்தில் மறுசொல் கிடையாது. ஆறு வாரத்துக்கு முன்னால் லோசேலியின் முகம் வீங்கியபோது, வீக்கமா அது, காலையில் எழுந்தால் கண் திறக்கவில்லை, இமையெல்லாம் புளித்த மாவு மாதிரி உப்பிக் கிடந்தது, காதிலிருந்து நீர் வடிந்தது, கண்ணாடியில் பார்க்கவும் கண் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்... அன்றைக்குப் போனில் அத்தை கேட்டது ஒரே கேள்வி. எங்கே வீக்கம் என்று கேட்கவில்லை, எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. "உங்கப்பன் தலையைத் தொட்டியாடீ?" ஐம்பத்து மூன்று வயதில் ஆறு வயதுக்காரி மாதிரி லோசேலி முனகினாள். ஒரே ஒரு தடவை, என்றாள். அந்தப் பக்கம் அழுகை, திட்டினாலாவது தாங்கியிருக்கலாம். "அவன் மனசு ஆறாமத்தான் போயிருக்கான். எல்லார் முன்னாடியும் மண்டி போட்டு மன்னிப்புக் கேளு, வேற வழியில்ல." மண்டி போடுவதில் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, முட்டி வலியைத் தவிர. அப்பா மனசு ஆறாமல் போனார் என்பதுதான்... அந்த ஒரு வார்த்தையோடுதான் ஆறு வாரமாகப் படுக்கிறாள், எழுந்திருக்கிறாள்.

தபு என்றால் தபுதான், டோங்காவில் விலக்கென்றால் விலக்கு, அப்பா தலையைப் பிள்ளைகள் தொடக்கூடாது, அவர் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்னக்கூடாது, அவர் படுக்கும் தலையணையில் தலை வைக்கக்கூடாது, யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை, நெருப்பு சுடும் என்று தெரிகிற மாதிரி தெரியும், மீறினால் வீங்கும் என்பதும் கூடவே தெரியும். கடல் தாண்டி சிட்னிக்கு வந்தால் போய்விடுமா, கிரான்வில் அடுக்குமாடியில் இரண்டே அறை, அம்மா, அப்பா, நாலு பிள்ளைகள், அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, விடிந்ததும் தலையெல்லாம் மாவோடு வந்து நிற்பார், கன்னங்கரேல் என்று சுருட்டை முடி, அதன்மேல் வெள்ளையாக மாவு, லோசேலிக்குக் கை துறுதுறுக்கும், தட்டிவிட வேண்டும், ஒரே ஒரு தட்டு... அம்மா கண்ணாலேயே அடக்குவாள். அப்பாவுக்கு அது தெரியும். ஒருநாள் வாசலிலேயே குனிந்து நின்றார், தொடாதே, ஊது, என்றார். ஊதுவது தொடுவதாகுமா? ஆகாது, வேதத்தில் தேடினாலும் கிடையாது. அவள் கன்னம் உப்ப ஊதினாள், மாவு பறந்து அம்மாவின் கறுப்புப் பாவாடையில் விழுந்தது, அம்மா கத்தினாள், அப்பா சிரித்தார், அன்றிலிருந்து தினம் காலையில் அதுதான் வேலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் சரி, சளி பிடித்தாலும் சரி, அப்பா குனிவார், அவள் ஊதுவாள். ஈஸ்ட் வாசனை, மாவு வாசனை, இரவெல்லாம் முழித்த ஆளின் வியர்வை வாசனை, அது இப்போது எங்கே கிடைக்கும், பணம் கொடுத்தாலும் வராது. எந்த வயதில் ஊதுவதை நிறுத்தினாள்? எட்டா, ஒன்பதா? நிறுத்திய நாள் நினைவில்லை, எந்த நல்ல விஷயமும் கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டா நிற்கிறது...

அரிக்கிறது. கை பின்னால் போய்விட்டது, சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கிறது, கடிகாரம் ஓடுகிறதா இல்லையா? காகித அங்கி பின்பக்கம் திறந்து கிடக்கிறது, குளிர்சாதனக் காற்று எண்களின் மேல் ஒவ்வொன்றாகப் படுகிற மாதிரி ஒரு கூச்சம்.

அப்புறம் நிஜமாகவே நரைத்தது, அந்த வெள்ளையை ஊதிப் பறக்கவிட முடியாது. சர்ச்சில் பாடகர் குழுவுக்கு அப்பாதான் தலைவர், இருபத்தேழு வருடம், பாடுகிறவர்களுக்கு முதுகைக் காட்ட மாட்டார், சபைக்குத்தான் முதுகைக் காட்டி நிற்பார், அதனால் சபை முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்ப்பது அவர் பின்னந்தலையைத்தான், அங்கே வெள்ளை தெரிந்தால் எப்படி? அம்மா பெட்டிச் சாயம் வாங்கி வந்து சனிக்கிழமை மத்தியானம் துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுவிடுவாள், பரம ரகசியம், ஆனால் அப்பா ஃபினேயாசி மை பூசுகிறார் என்பது சிட்னியின் அந்தக் கோடி லிவர்பூல் வரைக்கும் எல்லா டோங்காக்காரருக்கும் தெரியும், காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கறுப்பே சொல்லிக் கொடுத்துவிடும், பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவ்வளவு மரியாதை, அவர் நகர்ந்த பிறகு சிரிப்பார்கள். அம்மா போன பிறகு ஐந்து வாரம், ஆறு வாரம், வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது. முடிதிருத்துகிறவரிடம் போக மாட்டேன் என்றுவிட்டார், அந்தக் கடையில் சர்ச் ஆட்கள் வருவார்களாம். தம்பி பெண்டாட்டி பிரிஸ்பேனில். வீட்டில் இருந்தது லோசேலி ஒருத்திதான், கல்யாணம் ஆகி, முறிந்து, திரும்பி வந்தவள். ஒரு சனிக்கிழமை அப்பாவே பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், திறந்து உள்ளே இருந்த மெல்லிய கையுறையை எடுத்துக் காட்டினார், முகத்தில் அந்தப் பழைய விஷமம். "பாரு, பொட்டிக்குள்ளயே கிளவுஸ் வெச்சிருக்கான். இந்தக் கம்பெனிக்காரனுக்குக்கூட நம்ம வழக்கம் தெரிஞ்சிருக்கு."

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா, தெரியாது, லோசேலி மட்டும் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள், கையுறை தபுவுக்காக, கையுறை போட்டால் தொடுவது ரப்பர், மகள் இல்லை. மருந்துக்காக அது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, திங்கட்கிழமை பட்டை ஒட்டும்போது மேரிசல்தான், சாயம் கையில் படக்கூடாது என்றுதானே கையுறை என்றாள், லோசேலி விழித்தாள்... நாலு வருடம். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை, பாடகர் குழு நாட்காட்டியில் அப்பா பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார், அது சாய நாள், புள்ளிக்கு ஒருநாள் முன்னால் கேட்டதில்லை, ஒருநாள் பின்னால் போனதில்லை, அப்படியொரு கணக்கான மனிதர். வாஷிங் மெஷின் பக்கத்தில் முக்காலி, தோளில் பழைய துண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் சுருதி பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், அவள் சீப்பால் வகிடு எடுத்து மேலிருந்து கீழே பூசிக்கொண்டு வருவாள், பேச மாட்டார்கள், பேச என்ன இருந்தது, எல்லாம் இருந்தது, பேசாமல் இருந்ததே போதுமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமைகள்... அப்போது அலுப்பாகக்கூட இருந்தது, துணி காயப்போட நேரமாகிறதே என்று. முட்டாள்.

கடைசி வருடம் பெட்டிச் சாயத்தின் நெடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல், கண்ணில் நீர், சர்ச்சில் யாரோ சொன்னார்கள் ஹாரிஸ் பார்க்கில் இந்தியக் கடையில் கறுப்பு மருதாணிப் பொடி கிடைக்கும், முழுக்க இயற்கை, நெடியே கிடையாது என்று. பச்சைப் பாக்கெட், மேலே இலை படம். தண்ணீரில் குழைத்தால் வெந்த கீரை வாசனை. அந்தப் பாக்கெட்டுக்குள் கையுறை இல்லை. பாத்திரம் கழுவும் தடிக் கையுறைதான் இருந்தது, போட்டாள், சீப்பே பிடிபடவில்லை, கழற்றினாள், வேறு தேடலாமா என்று நின்றாள். அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கழுத்து மெலிந்திருந்தது, அவ்வளவு பெரிய தலையை அந்தக் கழுத்து எப்படித் தாங்குகிறது என்றிருந்தது. இலைதானே, இயற்கைதானே என்று சொல்லிக்கொண்டாள், இலைக்கும் தபுவுக்கும் என்ன சம்பந்தம், ஒரு சம்பந்தமும் இல்லை, பொய், அப்பட்டமான பொய், அவளுக்குத் தொட வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான், ஐம்பத்திரண்டு வருடம் கழித்து. தொட்டாள். முடி நினைத்ததைவிட மிருதுவாக இருந்தது, உச்சியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, காதுக்கு மேலே ஒரு நரம்பு துடித்தது, மண்டை சுடச்சுட இருந்தது, இதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள். விரலால் கோதிக் கோதிப் பூசினாள், தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டாள். சுருதி நின்றிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை இழுத்துக்கொள்ளவில்லை, கண் திறக்கவில்லை. தெரிந்ததா தெரியவில்லையா? எழுபத்தெட்டு வயது, மரத்துப்போன மண்டையோ என்னவோ. தெரிந்திருந்தால் தடுத்திருக்க மாட்டாரா? தடுக்கச் சங்கடப்பட்டுக்கொண்டு மனசுக்குள் வைத்துக்கொண்டே போய்விட்டாரா?

அந்த மாதக் கடைசியில் போய்விட்டார். சாவு வீட்டில் அத்தைதான் தலைமாட்டில் உட்கார்ந்தாள், அது அவள் இடம், லோசேலியின் இடம் பின்கட்டில், கிழிந்த பெரிய துக்கப் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிழங்கு உரித்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தட்டு கழுவிக்கொண்டு, முறை அப்படி, அதில் வருத்தமில்லை. விரல் இடுக்கெல்லாம் கொப்புளம் வந்து உரிந்தது, சோப்பு என்று நினைத்தாள். மூன்றாம் நாள் அத்தை கத்தரிக்கோல் எடுத்து அவள் முடியைக் கழுத்தோடு வெட்டினாள், துக்கத்துக்கு. வளர்ந்தபோது வெள்ளையாகவே வளர்ந்தது. வருட நினைவுநாள் வருகிறதே, ஊர் கூடுமே என்று குளியலறை அலமாரியைத் துழாவினால் அவர் மிச்சம் வைத்த அரைப் பாக்கெட் பொடி, மடித்து ரப்பர் பேண்டு போட்டு, அவர் மடித்த மடிப்பு. அவர் மிச்சத்தைத் தொடக்கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது. வந்தும் குழைத்துத் தன் தலையில் பூசினாள். அன்று இரவு படுத்தவள்தான், காலையில் கண் திறக்கவில்லை.

பொடியாக இருக்கட்டும். ஆனால்... இதை யாரிடமும் சொல்ல முடியாது, பொடி என்று ஆகிவிட்டால் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, சரி, அப்படியானால் அப்பா எங்கேயும் இல்லை என்றும் ஆகிவிடுகிறதே. வீங்கிக் கிடந்த அந்த நாலு நாள் வலியோடு வலியாக ஒரு நினைப்பு இருந்தது, இன்னும் என்மேல் கோபப்பட ஒரு ஆள் இருக்கிறார் என்று. பைத்தியம். யாராவது அடி வாங்க ஆசைப்படுவார்களா?

கதவு திறந்தது. டாக்டர் ஹடாட் சின்னப் பெண், முப்பத்தைந்துகூட இருக்காது, லெபனான்காரி, பின்னால் மேரிசல் விளக்கோடு. லோசேலி முதுகைத் திருப்பினாள். விரல் ஒன்று எண்ணிக்கொண்டே இறங்கியது, தோள், நடு முதுகு, இன்னும் கீழே, மூச்சை அடக்கிக்கொண்டாள், அரிக்கிற இடத்துக்கு வந்து நின்றது. அங்கேயே நின்றது. டாக்டர் உச்சுக்கொட்டினாள். எண்ணெய் சுத்தம் என்றாள், பூ வாசனை ஒன்றும் செய்யவில்லை. முடிச்சாயத்தில் போடும் ஒரு மருந்து, மூன்று எழுத்தில் பேர் சொன்னாள், அது கொப்புளம் கட்டி நிற்கிறது, பச்சைப் பாக்கெட் பொடியும் அதே மாதிரி, ஏனென்றால் பொடிக்குள்ளும் அதே மருந்துதான், மருதாணி தானாகக் கறுக்காது, கலந்தால்தான் கறுக்கும். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ஆனால் இது இனி மாறாது, ஆயுசுக்கும் சாயம் வேண்டாம். இயற்கை என்று போட்டிருந்ததே என்றாள் லோசேலி. "இங்க சிட்னில தோட்டத்துச் சிலந்திகூட இயற்கைதான், கடிச்சா ஆள் காலி," என்றாள் மேரிசல்.

ஆயிற்று, பொடிதான். சனிக்கிழமை மண்டி போட வேண்டியதில்லை, அத்தையிடம் தாளைக் காட்டலாம். மூச்சு விட்டாள், விட்ட மூச்சு உள்ளே எதையோ காலி செய்துகொண்டு போன மாதிரி இருந்தது. டாக்டர் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டாள், வெறுங்கையால் எத்தனை தடவை இந்தப் பொடியைத் தொட்டீர்கள் என்று. ஒரே ஒரு தடவை, என்றாள் லோசேலி, பழகிப்போன பதில்.

"ஒரு தடவைக்கு இவ்வளவு வர்றது கஷ்டம். அடுத்தடுத்துப் பட்டிருந்தாத்தான் தோலு இப்படிப் பகையாகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது, மறந்திருந்தால்தானே. "மூணு தடவை," என்றாள். அத்தையிடம் ஒன்று என்று சொன்னாள், தனக்கும் ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், குற்றத்தைக் குறைத்துக்கொள்ள. ஒரு சனிக்கிழமை, அடுத்த புதன்கிழமை, அதற்கடுத்த திங்கட்கிழமை என்று நாளையும் சொன்னாள். மூன்று தடவையும் கையுறை இல்லாமல்தான்.

"பத்து நாளைக்குள்ளயா? எதுக்கு அவ்வளவு சீக்கிரம்?"

"அப்பாதான் கேட்டாரு, நரை தெரியுதுன்னு." சொல்லும்போதே புதன்கிழமை காலை கண்முன் வந்து நின்றது, அப்பா தானாகவே முக்காலியைக் கொண்டுபோய் மெஷின் பக்கத்தில் போட்டுவிட்டுத் தோளில் துண்டோடு அவளைக் கூப்பிட்டது, இப்போதுதானே போட்டோம் என்று அவள் அலுத்துக்கொண்டது, புத்தி தடுமாறுகிறது பாவம் என்று நினைத்தது, நினைத்துக்கொண்டே குழைத்தது. புத்தி தடுமாறியவர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பாட்டை ஏடு பார்க்காமல் நடத்தினாரே. நாட்காட்டியில் புள்ளி வைத்துக் காத்திருக்கிற மனிதர்.

"டாக்டர், நாலு நாள்ல நரை தெரியுமா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். "நாலு நாள்லயா? பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் தெரியாது."

மேரிசல் சட்டையை எடுத்துக் கொடுத்தாள், இனிமேல் சாயலாம், தாராளமாகச் சாயலாம் என்றாள். லோசேலி சாயவில்லை. டாக்டர் தாளை அச்செடுத்து நீட்டினாள், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டியல், அத்தைக்கு இதைக் காட்டிவிடலாம், மருந்தின் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஆனால் மற்றது, அதை எந்தத் தாளில் காட்டுவது, அத்தையிடம் எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா, அவர் கேட்டார் அத்தை, நரைக்காக இல்லை, இரண்டு தடவை அவராகத்தான் கேட்டார்... சட்டையின் பொத்தானைப் போடப் போனவளுக்கு எந்தப் பொத்தான் எந்தத் துளை என்று தெரியவில்லை, மேரிசல்தான் போட்டுவிட்டாள்.